தம்பிக்கு டைப் 1 சீனி வருத்தம்: அக்காவாக நான் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கொக்குவில்_அக்கா

வணக்கம். நான் இந்த வருடம் ஏ.எல். பரீட்சை எடுக்கிறேன், பயோ பிரிவு. தம்பிக்கு ஒன்பது வயது. தீபாவளி முடிந்த கையோடு அவன் மெலிந்துகொண்டே போனான். இரவில் எழும்பி எழும்பித் தண்ணீர் குடித்தான். எப்போதோ விட்டுப்போன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தது. வயிற்றில் பூச்சியாக இருக்கும், குளிசை வாங்கிக் கொடு என்று அம்மம்மா சொன்னா. பிறகு ஒருநாள் சத்தி, வயிற்றுக்குத்து, மூச்சையும் இழுத்து இழுத்து விட்டான். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். டைப் 1 நீரிழிவு என்றார்கள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். நாளுக்கு நான்கு இன்சுலின் ஊசி. அம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை. அப்பா காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். "நீ பெரியவள், நீதானே பார்க்க வேண்டும்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நானாக எடுத்துக்கொண்ட வேலை, டொபி இருக்கிறதா என்று அவன் புத்தகப்பையைக் கிண்டுவது, சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பது, விரலில் குத்தி இரத்தத்தில் சீனி அளவைக் கொப்பியில் எழுதுவது. நேற்று 310 வந்தது. "என்னடா களவாகச் சாப்பிட்டாய்?" என்றேன். "நீ ஒன்றும் எனக்கு அம்மா இல்லை" என்று மீற்றரைத் தூக்கி எறிந்தான்.

இன்னொன்று. வெளியில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று வீட்டில் கட்டளை. பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது. புத்தகத்தை விரித்தால் ஒன்றும் ஏறுவதில்லை. சில நேரம் அவன் மேல் கோபம் வருகிறது, அதை நினைத்துப் பிறகு அழுகை வருகிறது. இப்படி வீட்டில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இரவு_டியூட்டி

தங்கச்சி, நான் நேர்ஸ். பிள்ளைகள் வார்ட்டில் கன காலம் நின்றவள்.

டொபியால் இந்த வருத்தம் வரவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கணையத்தில் இருக்கிற பீற்றா கலங்களைத் தானே அழித்துவிடுகிறது, அதனால் இன்சுலின் சுரப்பதில்லை. பயோ படிக்கிற உங்களுக்கு இது விளங்கும், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்காது. தான் எதையோ களவாகத் தின்றதால்தான் இது வந்தது என்று பேசாமல் மனதுக்குள் வைத்திருக்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தம்பியோடு சண்டை பிடித்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த அக்காவையும் கண்டிருக்கிறேன். அவனிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒருமுறை சொன்னால் போதாது.

310க்கும் சாப்பாடுதான் காரணம் என்றில்லை. காய்ச்சல், தடிமன், பயம், வெயிலில் கிடந்த இன்சுலின், எதுவும் கூட்டும். அளவு கூடி நிற்கும்போது பிள்ளை எரிந்து விழுவதும் வழமை.

உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது அளவு இறங்குகிற பக்கம். 70க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், முகம் வெளிறும், காரணமில்லாமல் சண்டைக்கு வருவான், பேச்சுக் குழறும். உடனே சீனி கரைத்த தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு. அவனுக்கு அதைவிடக் குறையும், நிறையைப் பார்த்துக் கிளினிக்கில் சொல்வார்கள், கேட்டு எழுதி வையுங்கள். 15 நிமிடம் விட்டுத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். சொக்லேட் சரிவராது, அதில் இருக்கிற கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் விடும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மற்றப் பக்கமும் உண்டு. அளவு கூடி நிற்கும்போது சத்தியும் வயிற்றுக்குத்தும் பழம் மணக்கிற மூச்சும் வந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பிள்ளை சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுதாக நிறுத்தவும் கூடாது. முதல் தடவை அவனைக் கொண்டு ஓடினபோது இருந்ததும் இந்தச் சத்தியும் வயிற்றுக்குத்தும்தான்.

நாலாம்_ஊசி

இந்தக் கதையில் தம்பியின் இடத்தில் இருந்தவள் நான். பத்து வயதில் வந்தது, இப்போது 27. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வேலை செய்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

என் அண்ணாவும் உங்களைப் போலத்தான் தொடங்கினான். இன்ரவலுக்கு என் வகுப்புக்கு வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பான். பெட்டைகள் சிரிப்பார்கள். அதில் நான் படித்தது ஒன்றே ஒன்று, நன்றாக ஒளிப்பது. டொபித் தாளைச் சப்பாத்துக்குள் வைக்கிற அளவுக்குக் கெட்டிக்காரி ஆனேன்.

பையைக் கிண்டுவதை இன்றைக்கே விடுங்கள். அவன் ஒளிக்கிற வீட்டில் நீங்கள் எழுதுகிற கொப்பி பொய்க் கொப்பி. 310ஐப் பார்த்தால் "சரி, 310, இனி என்ன செய்வோம்?" என்று கேளுங்கள். என்ன சாப்பிட்டான் என்பது அவன் வாயில் தானாகவே வரும்.

அண்ணா எனக்குச் செய்த உருப்படியான காரியத்தையும் சொல்கிறேன். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில்தான் ஊசி போடுவேன், அங்கே நோகாது. கொஞ்சக் காலத்தில் அந்த இடம் தடித்து, அமத்தினால் ரப்பர் மாதிரி இருந்தது. தடித்த இடத்தில் குத்தினால் மருந்து ஒழுங்காக உறிஞ்சாது. ஒருநாள் 90, அடுத்த நாள் அதே புட்டுக்கு 280. அம்மா புட்டைக் குறைத்துக்கொண்டே போனா, நான் பசியோடு பள்ளிக்கூடம் போனேன். தடிப்பைக் கண்டது அண்ணா. பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு ஆளின் படம் கீறி, வயிறு, இரண்டு தொடை, இரண்டு கை எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் பிரித்தான். ஊசி போட்ட பெட்டிக்கு நான் நிறம் அடிக்க வேண்டும். எந்தப் பெட்டி என்பது என் விருப்பம். அவன் கேட்பது "இன்றைக்கு எங்கே?" என்று மட்டும்தான். அதிகாரம் என் கையில், ஞாபகம் அவன் கையில். அந்தத் தாள் எங்கள் குசினிக் கதவில் வருடக்கணக்காகத் தொங்கியது.

நல்லூர்த் திருவிழாவுக்கும் ஒரு சொல். என்னை வெளி வீதியோடு திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், ஐஸ்கிறீம் கடையைக் கண்டால் கேட்பேன் என்று. கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தால் சீனிக் கணக்கே பெரிதாக இல்லை. ஐஸ்கிறீமுக்குக்கூட கிளினிக்கில் கேட்டு ஊசியைக் கணக்குப் பண்ணிச் சாப்பிடலாம். தும்பு முட்டாசு வெறும் சீனி, அதை மட்டும் நானே விட்டுவிட்டேன்.

இரண்டு_பிள்ளைத்_தாய்

நாலாம் ஊசித் தங்கச்சி, எழுதுவது லேசு. என் மூத்தவனுக்கு இதே வருத்தம், சின்னவளுக்கு இல்லை. பையைப் பார்க்காமல் விட்டு, ஒருநாள் பிள்ளை ஐ.சி.யு.வில் கிடந்தால் யார் பொறுப்பு? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன விருப்பம்? யாரோ பார்க்கத்தான் வேண்டும்.

நாலாம்_ஊசி

பார்க்க வேண்டும் அக்கா, நீங்கள் பாருங்கள். தாய் தகப்பன் பார்ப்பது வேறு. எனக்கு அம்மாவின் கோபம் பழகிப்போன ஒன்று. அண்ணாவும் அம்மாவாக மாறினபோது வீட்டில் சேர்ந்து கிரிக்கெட் பார்க்க ஆள் இல்லாமல் போனது.

இரண்டு_பிள்ளைத்_தாய்

அதை ஒத்துக்கொள்கிறேன். பையைப் பற்றி என் கருத்து அதேதான்.

கைமருந்து_காரன்

இவ்வளவு ஊசி எதற்கு? குறிஞ்சா இலையும் பாவற்காயும் ஒழுங்காகக் கொடுத்தால் சீனி தானாக இறங்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இன்சுலினை விட்டே விட்டார். இயற்கையாகப் போங்கள், பிள்ளையைக் கெடுக்காதீர்கள்.

இரவு_டியூட்டி

அந்த ஒருவருக்கு வயதென்ன ஐயா? ஐம்பது அறுபதில் வருகிற சீனி வருத்தத்தில் உடம்பில் இன்சுலின் ஓரளவு மிஞ்சியிருக்கும். இந்தப் பிள்ளைக்குக் கொஞ்ச நாளில் அதுவும் இராது. நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலமாகிப் பிள்ளை மயக்கத்துக்குப் போகும். குறிஞ்சா வறை எனக்கும் விருப்பம், சோற்றோடு தாராளமாகச் சாப்பிடலாம். ஊசிக்குப் பதிலாக அல்ல. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கொக்குவில்_அக்கா, வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரும் இதைத்தான் சொல்வார்கள். அம்மா களைத்துப்போன நேரம் பார்த்துச் சொல்வார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அம்மாவின் பக்கத்தில் நின்றால் அதுவே பெரிய உதவி.

பனிநாடு

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான். 1922 தையில் முதல் ஊசி போட்டது லெனார்ட் தொம்சன் என்கிற 14 வயதுப் பெடியனுக்கு. அதற்கு முன்னர் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் ஓரிரு வருடத்துக்கு மேல் இருந்ததே அரிது. கைமருந்து அண்ணர் அதையும் கொஞ்சம் வாசிக்கலாம்.

தங்கச்சி, இங்கே கையில் ஒட்டுகிற சென்சர் இருக்கிறது. விரலில் குத்தாமலே போனில் அளவு காட்டும். வருகிற ஆட்களிடம் ஒன்றிரண்டு கொடுத்துவிடலாமா? மீற்றரும் அனுப்பலாம்.

இரவு_டியூட்டி

அண்ணா, நல்ல மனது. ஆனால் ஒரு சென்சர் 10 முதல் 15 நாள்தான். அது முடிய, பழகின பிள்ளை திரும்ப விரலைக் கொடுக்கச் சிணுங்கும். தொடர்ந்து அனுப்ப முடிந்தால் மட்டும் தொடங்குங்கள்.

மீற்றர் வேண்டாம். ஒவ்வொரு மீற்றருக்கும் அதற்குரிய ஸ்ட்ரிப், அதாவது இரத்தத் துளி வைக்கிற பட்டி, மட்டும்தான் பொருந்தும், நீங்கள் அனுப்புகிற மீற்றருக்கு இங்கே ஸ்ட்ரிப் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதோடு கனடா மீற்றர் mmol/L என்கிற வேறு அலகில் காட்டும், இங்கே mg/dL. அங்கே 5.6 என்றால் இங்கே 100. 18ஆல் பெருக்க வேண்டும். அம்மம்மா 5.6ஐக் கண்டு பயந்து சீனித் தண்ணீர் பருக்கின வீடும் உண்டு. இன்சுலின் அரச கிளினிக்கில் இலவசம், கையைக் கடிப்பது ஸ்ட்ரிப். இங்கே வீட்டில் இருக்கிற மீற்றரின் பெயரைக் கேட்டு அதற்குரிய ஸ்ட்ரிப் வாங்கக் காசு அனுப்பினால் ஒரு மாதம் நிம்மதி.

தென்மராட்சியான்

என் அக்காவுக்கு 1988இல் வந்தது, பதினொரு வயதில். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, கூடவே பொருளாதாரத் தடை. பிறிஜ் என்கிற பெட்டிக்குள் அம்மா அரிசி வைத்திருந்தா.

இன்சுலினுக்கு மண் முட்டி. பெரிய முட்டிக்குள் ஆற்று மணல், அதன் நடுவில் சின்னச் சட்டி, அதற்குள் பொலித்தீனில் சுற்றின குப்பி, மேலே ஈரச் சாக்கு. கிணற்றடியில் வாழை நிழலில் இருக்கும். காலையும் பின்னேரமும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. எனக்கு எட்டு வயது. வேறு ஒன்றும் என்னிடம் கேட்கவில்லை, ஊசியைத் தொடவும் விடவில்லை. அந்த ஒரு வேலையில் எனக்கு இருந்த கர்வம் சொல்லி மாளாது. விளையாட்டில் நின்றாலும் பொழுது சாய ஓடி வந்துவிடுவேன்.

95 ஐப்பசி 30 இரவு சண்டையால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம் நின்றோம். முட்டியைக் கொண்டுபோக முடியாது. அம்மா இரண்டு குப்பியை ஈரத் துணியில் சுற்றிச் சருவத்துக்குள் வைத்துத் தந்தா. சாவகச்சேரி வரை நான்தான் சுமந்தேன். அக்கா இப்போது அதே சாவகச்சேரியில் தையல் வகுப்பு நடத்துறா. இரண்டு பிள்ளைகள்.

இதை வீரக் கதையாகச் சொல்லவில்லை. 2022 பங்குனியில் 13 மணி நேரம் கரண்ட் நின்றபோது அக்கா வீட்டில் முட்டி திரும்ப வந்தது. தங்கச்சி, ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மலிவு.

இரவு_டியூட்டி

ஐயா சொல்வது சரி. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை வரை, பிறிஜ் கதவிலோ நடுத் தட்டிலோ. ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்தால் எறிய வேண்டியதுதான். திறந்தது பொதுவாக 28 நாள் வரை வெளியில் இருக்கலாம், ஆனால் 30 பாகைக்குக் கீழே. சித்திரையில் தகரக் கூரை வீட்டில் அது நடக்காது, அங்கேதான் முட்டி உதவும். குப்பியில் திறந்த திகதியை எழுதி ஒட்டுவதைத் தங்கச்சியின் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

கொக்குவில்_அக்கா

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டி வாங்கப் போகிறா. பையைக் கிண்டுவதை விட்டுவிட்டேன், அம்மா விடவில்லை. கலண்டர் படத்தைத் தம்பியே கீறினான், ஆளுக்கு மீசையும் வைத்திருக்கிறான்.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்வதில்தான் வீட்டில் சண்டை. "நாளைக்கு உனக்குத்தான் கலியாணம் பேச வேண்டும், அந்த வீட்டில் சீனி வருத்தமாம் என்று கதைப்பார்கள்" என்று பெரியம்மா சொல்றா. எனக்காக அவனை ஒளித்து வைக்கிறார்கள் என்று நினைத்தால் பத்திக்கொண்டு வருகிறது. அதோடு கேட்கவும் ஒரு மாதிரி இருக்கிறது, எனக்கும் வருமா?

நாலாம்_ஊசி

பெரியம்மாவிடம் கேளுங்கள், வகுப்பில் அவனுக்குச் சீனி இறங்கி மேசையில் தலையை வைத்துப் படுத்தால் ரீச்சர் என்ன நினைப்பா? நித்திரை தூங்குகிறான் என்று விட்டுவிடுவா. ஊர் முழுக்க மைக் பிடிக்கத் தேவையில்லை. அதிபர், வகுப்பாசிரியர், பக்கத்து மேசைப் பிள்ளை, பி.ரி. சேர், இவ்வளவு பேருக்குத் தெரிந்தால் போதும். பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், பாட நேரத்தில் சாப்பிடவும் கக்கூசுக்குப் போகவும் விட வேண்டும். கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டால் தருவார்கள்.

என் கலியாணப் பேச்சில் முதல் சந்திப்பிலேயே நான் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் திரும்பி வரவில்லை. நல்லது என்றுதான் இருக்கிறேன்.

இரவு_டியூட்டி

உங்களுக்கு வருமா என்றால், சகோதரங்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 5 பேருக்கு வரலாம். மற்றவர்களைவிட இது கூடத்தான், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வராது. அடிக்கடி தாகம், சலம், மெலிவு கண்டால் ஒருமுறை சோதியுங்கள். தினமும் தம்பியின் மீற்றரில் உங்கள் விரலைக் குத்த வேண்டாம், ஸ்ட்ரிப்பும் வீண், நித்திரையும் போய்விடும்.

வேலணைப்_பெடியன்

அக்கா, எனக்கும் ஏ.எல்.தான். எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு இழுப்பு, அதுதான் ஆஸ்துமா, சின்னதில் இருந்து. பாட்டு வகுப்புக்குப் போகிற மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், நான் அப்பம்மாவோடு. ரிப்போர்ட் கார்ட்டில் அப்பா கையெழுத்து வைப்பார், மார்க்ஸைப் பார்க்க மாட்டார். கோபம் எனக்கும் வரும். தங்கச்சி மேல் இல்லை என்பது பிறகுதான் பிடிபட்டது, வீட்டில் ஒருவரும் என்னை எப்படி என்று கேட்கவில்லை என்கிற கோபம். நான் அப்பாவிடம் ஒரு விஷயம் கேட்டு வாங்கினேன். ஞாயிறு காலை மீன் சந்தைக்கு நானும் அவரும் மட்டும். போகிற வழியில் தங்கச்சியின் வருத்தத்தைக் கதைக்கக்கூடாது. முதல் வாரம் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றுமில்லை, மீன் விலையைத்தான் கதைத்தோம்.

இரண்டு_பிள்ளைத்_தாய்

இதை வாசித்துவிட்டுச் சின்னவளைக் கூப்பிட்டேன். "என்னம்மா, அண்ணாவுக்கு என்ன?" என்று ஓடி வந்தாள்.

வேலணைத் தம்பி, நன்றி. கொக்குவில் பிள்ளை, அம்மாவிடம் நேராகக் கேளுங்கள். எந்த நேரம் உங்கள் பொறுப்பு, எந்த நேரம் இல்லை என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் தாய்மார் களைப்பில் எல்லாவற்றையும் மூத்தவர்கள் தலையில் வைத்துவிடுவோம். கேட்டால்தான் உறைக்கும்.

கொக்குவில்_அக்கா

கேட்டேன் அன்ரி. பின்னேர ஊசியும் குப்பித் திகதியும் என்னுடையது. இரவு அம்மாவும் அப்பாவும் மாறி மாறி. ரியூசன் நாளில் எனக்கு ஒன்றும் இல்லை. அப்பா முதலில் "எனக்குக் குத்தத் தெரியாது" என்றார். தம்பியே காட்டிக்கொடுத்தான்.

பள்ளிக்கூடத்திலும் அம்மா போய்ச் சொல்லிவிட்டா. பெரியம்மா இன்னும் கதைப்பதில்லை. இப்போது புதுச் சிக்கல், அடுத்த கிழமை இல்ல விளையாட்டுப் போட்டி. 100 மீற்றரும் சாக்கு ஓட்டமும் ஓட வேண்டும் என்கிறான். விடலாமா?

நாலாம்_ஊசி

கிளினிக்கில் ஒரு சொல் கேட்டுவிட்டு விடுங்கள். நான் வலைப்பந்து ஆடினவள். ஓடுவதற்கு முன்னர் குத்திப் பார்க்க வேண்டும். இறங்கி இருந்தால் குளுக்கோஸ் கொடுத்து ஏறின பிறகுதான் ஓட்டம். குளுக்கோஸ் பை கூடாரத்தில் இருக்கக்கூடாது, மைதானத்தில் பி.ரி. சேரின் கையில் இருக்க வேண்டும். ஓடி முடிந்தவுடன் நன்றாக இருப்பான், சீனி இறங்குவது பிறகும் நடக்கலாம், நடுச்சாமத்தில்கூட. அன்று இரவு படுக்க முன்னர் ஒன்று, இடையில் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். அது அப்பாவின் முறையா அம்மாவின் முறையா என்று இப்போதே பேசி வையுங்கள்.

இரவு_டியூட்டி

அதோடு அன்று காலை தொடையில் ஊசி வேண்டாம். ஓடுகிற காலில் மருந்து கெதியாக உறிஞ்சும். வயிற்றில் போடச் சொல்லுங்கள், மீசைக்காரரின் எந்தப் பெட்டி காலியோ அதில்.